ஒரு தோட்டமா, நாற்பத்தொரு தோட்டமா? ஆலங்கொல்லை முகாமையாளர் திருமதி பத்மாசினி அருளம்பலம் அவர்களுக்கு ஊழியர்கள் வாசித்தளிக்கும் மடல்

பரப்புக் காணிகளைப் பெருந்தோட்டமாக்கிய பேரறிவே! வேலிகளை வீழ்த்திய வீரமே! வீழ்த்திய வேலிகளை மீண்டும் நட்டு வளர்த்த விவேகமே! சுன்னாகம் சந்தையைச் சரியவைத்த சாதனையே! சரிந்த சந்தையைச் சமாளித்த சாதுரியமே! அன்பையும் அதட்டலையும் அளவறிந்து கலந்த அம்மையீர்! வணக்கம்!

மேலே உள்ள விளிகளில் ஒன்று மற்றொன்றுக்கு மாறாக இருப்பதாகச் சபையோர் நினைக்கக்கூடும். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். உங்களைப் பாராட்டி ஒரு மடல் எழுதுமாறு பிரதம எழுதுவினைஞர் மார்க்கண்டுவாகிய என்னிடம் ஊழியர் எண்மரும் பொறுப்புத் தந்தபோது, முதலில் ஒரு சிறு கேள்வி எழுந்தது. எதைப் பாராட்டுவது? வேலியைப் பிடுங்கியதையா, நட்டதையா? பெரிதாகச் செய்ததையா, பெரிதாகச் செய்ததால் வந்த வினைகளைச் சிறிதாக்கியதையா? ஒன்பது பேரும் கூடியிருந்து ஒரு முழு நாள் கதைத்தும் முடிவு வரவில்லை. ஆகவே எல்லாவற்றையும் போட்டுவிட்டோம். இடையில் விமானச் சத்தம் கேட்டால் மடலை மடித்துக்கொண்டு பதுங்குகுழியான பங்கருக்குள் போவோம்; வெளியே வந்து விட்ட இடத்திலிருந்து வாசிப்போம். சபையோர் பொறுத்தருள வேண்டும்.

எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்துக்குப் பின்னர், தெற்கிலிருந்து கப்பலில் வந்திறங்கிய ஆயிரவருள் நீங்களும் ஒருவர். ஒரு கையில் துணிப்பையும் மறு கையில் குடையுமாகச் சண்டிலிப்பாய்க்கு வந்து சேர்ந்தீர்கள். அதற்கு முன் இருபது ஆண்டுகள் பெரும் பண்ணைகளிலே பணி புரிந்தவர் நீங்கள். காலையில் உழத் தொடங்கிய இயந்திரம் முதன்முறை திரும்புகிற இடத்திலேயே சாரதி மதியச் சோற்றை உண்பான் என்று நீங்கள் சொன்னபோது, எங்கள் ஊரார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தெற்கிலே நடந்ததைப் பார்த்து இந்தப் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுகூடச் சிலர் இரங்கினார்கள்.

பின்னர் நீங்கள் ஊர்ப் பயிர்ச்செய்கைச் சங்கத்தின் முகாமையாளராகி ஆலங்கொல்லை வெளியைப் பார்க்க வந்தீர்கள். செம்மண் வெளி, பதினைந்து பரப்பு, பத்துப் பரப்பு, நாலு பரப்பு, ஒரு பரப்பு என்று நாற்பத்தொரு உரிமைக்காரர், ஒவ்வொரு துண்டுக்கும் நாலு பக்கமும் வேலி, ஒவ்வொரு வேலிக்கும் ஒரு வழக்கு. பதினாறு பரப்புச் சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர் என்று கணக்கிட்டு வாழ்கிற எங்களிடம் நீங்கள் சொன்ன வார்த்தைகள் இன்றும் காதில் இருக்கின்றன.

“உழவு இயந்திரம் திரும்ப இடமில்லை. எரிக்கிற எண்ணெயிலை பாதி திரும்பிறதுக்கே போகுது. நாற்பத்தொரு மிசின் நாற்பத்தொரு கிணத்திலை நிண்டு இறைக்குது. வேலி தின்னுற நிலத்திலை மட்டும் ரெண்டு குடும்பம் சீவிக்கலாம். எல்லாத்தையும் ஒண்டாக்குங்கோ!”

ஒன்றாக்கினால் இருபது ஏக்கர். தெற்கே நீங்கள் இருந்த பண்ணையில் அது கோழி வளர்க்க ஒதுக்கிய இடம் என்று நீங்களே பிறகு சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். எங்களுக்கோ அது சமுத்திரம். வலிகாமத்திலே அண்ணனும் தம்பியும் ஒரு வேலியைப் பகிர முடியாமல் நீதிமன்றம் போகிற காலத்தில், நாற்பத்தொரு பேரின் வேலிகளையும் பிடுங்கச் சம்மதிக்கவைத்தீர்களே, அது எப்படி என்று எங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவர்களுக்கும் விளங்கவில்லை என்றே நினைக்கிறோம். அவர்கள் ஒப்பந்தம் எதிலும் ஒப்பமிடவில்லை. இன்று முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தவர் திரு. இளையதம்பி அவர்கள்தாம் எல்லாருக்குமாகப் பேசினார். “சங்கத்தை நம்பித் தரேல்லைப் பிள்ளை, உம்மை நம்பித் தாறம். நீர் முகாமையாளரா இருக்குமட்டும் ஒரு தோட்டம். நீர் விலகின அண்டைக்கு அவரவர் காணி அவரவருக்கு” என்றார். நீங்களும் ஓம் என்றீர்கள். அந்த ‘ஓம்’ இன்று எங்களை எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்பதைப் பின்னால் சொல்வோம்.

முதலாம் போகத்தில் உங்கள் திட்டம் பொன்னாய் விளைந்தது. உழவு ஒரே நாளில் முடிந்தது. ஒரே பெரிய கிணற்றிலிருந்து வாய்க்கால்கள் ஓடின. விதை வெங்காயம் மொத்தமாக வாங்கியதால் மலிவாய் வந்தது. பாத்திகள் வெளியின் ஒரு தலையிலிருந்து மறு தலைவரை நேர்கோட்டில் நீண்டிருந்ததைப் பார்க்க நீர்வேலியிலிருந்து வாழைத் தோட்டக்காரர்கள் சைக்கிளில் வந்தார்கள். பிறகு அறுவடை வந்தது. இருபது ஏக்கர் வெங்காயமும் ஒரே நாளில் சுன்னாகம் சந்தைக்குப் போனது. முதல் லொறி இறங்கியபோது நல்ல விலை இருந்தது. கடைசி லொறி இறங்கியபோது விலை என்று சொல்ல எதுவும் இருக்கவில்லை. எங்கள் வெங்காயத்தின் விலையை விழுத்தியது எங்கள் வெங்காயம்தான். நான்கு பரப்புக்காரன் தன் வாழ்நாளில் செய்ய முடியாத காரியம் அது! அன்று சந்தை வாசலில் நின்று, “பெரிசாச் செய்தாச் சந்தையும் பெரிசா வேணும். இதை நான் ஏன் யோசிக்கேல்லை?” என்று எங்களையே கேட்டீர்கள். நாங்கள் சாக்குகளை எண்ணிக்கொண்டிருந்தோம்.

அடுத்த போகத்தில் வெளியைத் துண்டு துண்டாக வகுத்து, இங்கே வெங்காயம், அங்கே மிளகாய், அப்பால் புகையிலை, வாரத்துக்கு ஒரு துண்டாக நடுகை என்று மாற்றினீர்கள். வருமானம் திரும்பியது. அவ்வேளையில் எங்கள் நீரிறைக்கும் பம்ப் இயக்குநர் யாகப்பு அவர்கள் வரம்பில் நின்று பார்த்துவிட்டு, “மிஸிஸ், இது முந்தின மாதிரியெல்லோ கிடக்கு?” என்றார். நீங்கள் கோபித்துக்கொண்டீர்கள். கோபித்தாலும் மறுக்கவில்லை என்பதை நாங்கள் கவனித்தோம்.

எங்களைப் பற்றியும் ஒரு சொல். தன் நான்கு பரப்பை இளையதம்பி அவர்கள் விடியற்காலையில் ஒருதரம் சுற்றி வந்தாலே போதும். என்ன காய்ந்தது, எதைப் புழு தின்றது, யார் புடலங்காய் களவெடுத்தது என்பதெல்லாம் தெரிந்துவிடும். இருபது ஏக்கரைச் சுற்ற ஒருவர், சுற்றியவர் கண்டதை எழுத ஒருவர், எழுதியதைச் சரிபார்க்க ஒருவர், சரிபார்த்தவருக்குத் தேநீர் ஊற்ற ஒருவர் என்று நாங்கள் ஒன்பது பேர் வந்து சேர்ந்தோம். பெருந்தோட்டம் மிச்சப்படுத்தியதில் ஒரு பங்கை உண்டு கொழுத்தவர்கள் நாங்களே என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறோம். இதைப் பாராட்டில் சேர்ப்பதா, முறைப்பாட்டில் சேர்ப்பதா என்றும் தெரியவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு வந்தது. மீண்டும் போர் மூண்டு தெற்குப் பாதை அடைபட்டது. யூரியா வரவில்லை. டீசலும் பெற்றோலும் கண்ணால் காணக் கிடைக்கவில்லை. பக்கத்துச் சிறு தோட்டக்காரர்கள் கலங்கவில்லை. தங்கள் வேலிகளில் நின்ற பூவரசிலும் கிளுவையிலும் இலைக்குழை வெட்டிப் பசளையாக மண்ணுக்குள் தாழ்த்தினார்கள். பயிர் பச்சென்று நின்றது. எங்கள் இருபது ஏக்கரில் குழை வெட்ட ஒரு வேலி இல்லை! எல்லாவற்றையும் நாங்களே பிடுங்கி விறகாக்கியிருந்தோம். மண் பசித்துக் கிடந்தது. ஒரு மாதம் யோசித்துவிட்டு, வெளிக்குள்ளே வேலி நடுங்கள் என்று கட்டளையிட்டீர்கள்.

“அப்ப ஏன் பிள்ளை அண்டைக்குப் பிடுங்கினனீர்?” என்று இளையதம்பி அவர்கள் கேட்டார்.

“அண்டைக்கு யூரியா இருந்தது அண்ணை” என்றீர்கள்.

இதைவிடச் சுருக்கமான விடையை நாங்கள் கேட்டதில்லை. இதைவிடக் குழப்பமான காலத்தையும் கண்டதில்லை. நட்ட வேலிகள் எவருடைய எல்லையும் அல்ல, குழைக்காக மட்டுமே என்று நீங்கள் ஆயிரம் முறை சொன்னீர்கள். ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒருவன் வேலியைக் கண்டால் அதற்கு எந்தப் பக்கம் தன்னுடையது என்று யோசிக்காமல் இருப்பானா? வேலிக்கு நட்ட கதியால் தடிகள் தளிர்க்கத் தளிர்க்க, ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த வேலிக்கருகே வந்து நிற்கத் தொடங்கினார்கள்.

மண்ணெண்ணெய்க் கதையையும் சபையோர் அறிய வேண்டும். இறைக்க எண்ணெய் வேண்டும். பங்கிடுவோர் ‘ஒரு தோட்டத்துக்கு இவ்வளவு’ என்று விதித்தார்கள். இருபது ஏக்கரும் ஒரு தோட்டம் என்பதால், ஒரு பரப்புக்காரனுக்குக் கிடைத்த அதே அளவுதான் எங்களுக்கும் கிடைத்தது. உடனே நாங்கள் நாற்பத்தொரு தோட்டமானோம். அடுத்த மாதம் விதை உருளைக்கிழங்கு தர வேறொரு பகுதியினர் வந்தார்கள். பெரிய தோட்டங்களுக்கு மட்டும் என்றார்கள். உடனே ஒரு தோட்டமானோம். வாசலில் தொங்கிய பலகையின் முன்பக்கத்தில் ஒன்றும் பின்பக்கத்தில் மற்றொன்றும் எழுதி, வருபவர் யாரென்று பார்த்துத் திருப்பிவிடுவது யாகப்புவின் கடமையாயிற்று. ஒரு நாள் இரு பகுதியினரும் ஒரே வேளையில் வந்துவிட்டார்கள். யாகப்பு பலகையைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு ஓடினார். நீங்களோ அசையாமல் நின்று, “இறைக்கேக்கை ஒண்டு, எண்ணெய் வாங்கேக்கை நாற்பத்தொண்டு. ரெண்டும் உண்மை. வாங்கோ, வந்து பாருங்கோ” என்று இருவரையும் கூட்டிச்சென்று காட்டினீர்கள். அவர்கள் பார்த்தார்கள், தலையைச் சொறிந்தார்கள், இரண்டையும் தந்தார்கள். உண்மையைச் சொல்லி வென்றதை அன்றுதான் கண்டோம்.

அம்மையீர், இனி நாங்கள் அஞ்சி அஞ்சி எழுதும் பகுதி வருகிறது.

உங்களுக்கு அறுபது நிறைந்து ஓய்வு நாள் குறிக்கப்பட்டதும், பழைய ‘ஓம்’ எல்லாருக்கும் நினைவு வந்தது. நீங்கள் விலகினால் காணி பிரியும். பிரிந்தால் ஒன்பது பேருக்கும் வேலை இல்லை; அது சிறு விடயம். ஒரே கிணற்றில் ஆறவிட்டு ஆறவிட்டு இறைப்பதால்தான் இத்தனை வருடமும் நல்ல தண்ணீர் நின்றது. நாற்பத்தொரு பேரும் போட்டிக்கு இறைத்தால் அடியிலிருந்து உவர்நீர் ஏறும். ஏறினால் வெங்காயமும் இல்லை, மிளகாயும் இல்லை. இதையெல்லாம் எடுத்துச் சொல்லி ஊரைத் தடுக்குமாறு உங்களிடம் வந்தோம். பெருந்தோட்டமே நல்லது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும் என்றோம். நீங்கள் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னீர்கள்.

“மார்க்கண்டு, ஒன்பது வருசமாப் பாத்திட்டன். பெரிசு நல்லதோ சின்னன் நல்லதோ எண்டு எனக்கே விளங்கேல்லை. விளங்காததை நான் எப்பிடிச் சொல்லுறது?”

எங்களுக்கு அழுகை வந்தது. வேறொருவராயின் ஒரு பொய்யைச் சொல்லிப் பொன்னாடையை வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

கடந்த ஞாயிறன்று உரிமைக்காரர் எல்லாரும் அளக்கக் கயிறும் தடியுமாக வெளிக்கு வந்தார்கள். நீங்கள் வரவில்லை, காய்ச்சல் என்று சொல்லியனுப்பினீர்கள். காய்ச்சலோ கவலையோ, நாங்கள் கேட்கவில்லை. அன்று நடந்ததை யாரும் உங்களுக்கு முழுதாகச் சொல்லவில்லை என்று அறிகிறோம். ஆகவே இம்மடலிலேயே சொல்கிறோம்.

முதலில் காணி உறுதிப் பத்திரங்களை விரித்தார்கள். எல்லா உறுதியிலும் ‘கிழக்கு எல்லை வேலி, மேற்கு எல்லை வேலி’ என்றே இருந்தது. அந்த வேலிகள்தாம் எப்போதோ அடுப்பெரிந்து போயினவே! பிறகு கயிறு பிடித்தார்கள். இளையதம்பி அவர்கள், “உறுதிப்படி நாலு பரப்பு, அனுபவத்திலை ஐஞ்சரை” என்றார். ஒரு காணி தள்ளியுள்ள திரு. கனகசபாபதி அவர்கள், “எனக்கும் அப்பிடித்தான். உறுதியிலை மூண்டு, அனுபவத்திலை நாலரை” என்றார். வேலி அடைக்கும் போதெல்லாம் கதியாலைச் சாடையாக நகர்த்தி நட்ட பாட்டன்மார் எல்லாரும் அன்று பேரப்பிள்ளைகள் வாயிலாக எழுந்து நின்றார்கள். மாலையில் அவரவர் சொன்னதைக் கூட்டிப் பார்த்தோம். இருபது ஏக்கர் வெளிக்குள் இருபத்தேழு ஏக்கருக்கு உரிமை இருந்தது. ஒன்பது ஆண்டுகள் பாடுபட்டும் உங்களால் பெருப்பிக்க முடியாத தோட்டம் ஒரு பகலில் ஏழு ஏக்கர் பெருத்துவிட்டது!

சிரித்தோம். அந்தச் சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை. இளையதம்பி அவர்களின் கயிறும் கனகசபாபதி அவர்களின் கயிறும் ஒன்றையொன்று தாண்டிப் போய்க் கிடந்தன. அந்த இரு காணிக்கும் இடையில் முன்பு இன்னொரு காணி இருந்தது. குணலட்சுமியக்காவின் ஒரு பரப்பு. கணவனை இழந்த பின் அவருக்கென்று மிஞ்சிய சீதனம் அது ஒன்றுதான். ஒரு தோட்டமாக இருந்த காலமெல்லாம் ஒவ்வொரு போகத்திலும் அவருடைய பங்கு அவர் கைக்கு வந்தது. இரண்டு கயிற்றுக்கும் நடுவில் அன்று அவருக்கு ஒரு சாண் மண்ணும் இல்லை. ஒருவரும் அவரைத் திட்டமிட்டு ஏமாற்றவில்லை. ஆளாளுக்குத் தம் பாட்டனை நம்பினார்கள், அவ்வளவுதான். அவர் சண்டை போடவில்லை, அழவில்லை. கயிறுகள் கிடந்த இடத்தில் நின்றுகொண்டு கேட்டார்.

“எல்லாரும் அளந்து முடிச்சாப்பிறகு எனக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ, நான் எங்கை நிக்கிறதெண்டு.”

கனகசபாபதி அவர்கள் தம் கயிற்றைச் சற்றே பின்னுக்கு இழுத்தார். அவர் இழுத்தால் அவருக்கு அடுத்தவர் இழுக்க வேண்டும், அவருக்கடுத்தவரும் இழுக்க வேண்டும். தெருவொழுங்கை வரைக்கும் அது போய்ச் சேரும் என்று எல்லாருக்கும் தெரிந்தது. இளையதம்பி அவர்கள் குனிந்து தம் கயிற்றைச் சுற்றி எடுத்தார்.

“உது அளந்து முடியாது. ஒண்டாவே கிடக்கட்டும்.”

“எவ்வளவு காலத்துக்கு அண்ணை? அவதானே வேலையை விடுறா” என்று கனகசபாபதி அவர்கள் கேட்டார்.

“வேலையை விட்டா விடட்டும். பத்மாசினி உயிரோடை இருக்குமட்டும் ஒரு தோட்டம். அதுக்குப் பிறகு இருக்கிற ஆக்கள் பாக்கட்டும்.”

எல்லாரும் ஓம் என்றார்கள். குணலட்சுமியக்கா மட்டும், “அவவின்ரை மகன் கனடாவுக்குக் கூப்பிடுறானாம். அங்கை போய் உயிரோடை இருந்தாச் செல்லுமோ?” என்று கேட்டார். இதில் இரண்டு கட்சி உண்டாயிற்று. உயிர் எங்கிருந்தாலும் உயிர்தான் என்றது ஒரு கட்சி. கண்ணுக்குத் தெரிகிற உயிர்தான் கணக்கு என்றது மற்றது. அது இன்னும் தீரவில்லை; இவ்விழா முடிந்ததும் தேநீரோடு தொடரும் என்று எதிர்பார்க்கிறோம்.

ஆக, அம்மையீர்! பெருந்தோட்டம் இலாபமா நட்டமா என்று ஒன்பது ஆண்டுகளாக நாங்களும் நீங்களும் கேட்ட கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. இயந்திரத்தாலோ சந்தையாலோ யூரியாவாலோ எண்ணெயாலோ அது நிலைபெறவில்லை. பிரிக்க முடியாததால் நிற்கிறது. இதை எந்தப் பண்ணை நூலில் சேர்ப்பது என்று நீங்கள்தான் ஓய்வாக இருந்து யோசிக்க வேண்டும்.

இவ்வாறான மடல்களின் முடிவில் நீடூழி வாழ்க என்று எழுதுவது முறை. கேட்பவரும் தலையசைப்பார், பிறகு எல்லாரும் மறந்துவிடுவார்கள். நாங்கள் அப்படி எழுதவில்லை. இன்று முதல் இருபது ஏக்கர் செம்மண்ணும் ஒரு நல்ல கிணறும் நாற்பத்தொரு அடுப்பும் உங்கள் மூச்சில் இருக்கின்றன. ஆகையால் தேநீருக்குச் சீனி போடுவதை இன்றோடு விடுங்கள். உங்களுக்குச் சலரோகம் இருப்பது எங்களுக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். சைக்கிளில் ஒழுங்கை முடக்கில் வேகமாகத் திரும்பாதீர்கள். விமானச் சத்தம் கேட்டால் பயிரைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் முதலில் பங்கருக்குள் போங்கள். மகனுக்கு என்ன பதில் எழுதுவது என்பது உங்கள் விருப்பம். ஆனால் எழுதுமுன் முன்வரிசையை ஒருமுறை பாருங்கள்.

இம்மடல் முடிந்ததும் உங்களுக்குப் பொன்னாடை போர்த்த வருபவர் குணலட்சுமியக்கா. வேறு யாரும் போர்த்தக்கூடாது என்று இளையதம்பி அவர்களே சொல்லிவிட்டார். அவருக்கு இந்தப் பூமியில் நிற்க ஒரு பரப்பு நிலம் இருக்கிறது, நீங்கள் இருக்கிறபடியால். அந்த ஒரு பரப்புக்காகவேனும், அம்மையீர், நெடுங்காலம் சுகமாய் எங்கள் கண்முன்னே வாழ்க!

இங்ஙனம்,
உங்கள் குழப்பத்திலும் கூட நின்ற,
ஆலங்கொல்லை ஒன்றிணைந்த பயிர்ச்செய்கைச் சங்க ஊழியர்கள்
சண்டிலிப்பாய்
1993, ஆவணி